அப்பாவுக்குக் கேட்ட பறவைகள்

அப்பாவை நினைத்தால் எனக்கு அவர் முகம் வருவதற்கு முன்னால் விரல்தான் வருகிறது. வலது கை ஆள்காட்டி விரல். எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு நக ஓரத்தில் படிந்திருக்க, காட்டுப் பாதையின் நடுவில் அது சட்டென்று உயர்ந்து நிற்கும். விரல் உயர்ந்தால் நாங்கள் நின்றுவிட வேண்டும். மூத்த மகள் நான், தம்பி, எங்களுக்குப் பின்னால் சோற்று மூட்டையோடு வரும் அம்மா, மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். அப்பா தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை இடுக்கி, "கேளு" என்பார். பிறகு ரகசியம் சொல்வதுபோல, "செம்போத்து. அந்தப் புங்க மரத்துக்குப் பின்னால" என்பார். நான் ஆமாம்பா என்பேன். தம்பியும் ஆமாம்பா என்பான். எனக்குப் பெரும்பாலும் ஒன்றும் கேட்டிருக்காது. தனக்கும் கேட்டதில்லை என்பதைத் தம்பி கல்யாணமெல்லாம் ஆன பிறகுதான் என்னிடம் சொன்னான்.

அப்பாவின் ஊர் பாரூர்ப் பக்கம். ஏரியும் கால்வாயும் நெல்லும் கரும்புமாக இருந்த இடத்தில் கூலிக்குப் போன குடும்பம். ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய எழுபதுகளில், கையெழுத்துப் போடத் தெரியும், உடம்பில் வலு உண்டு என்ற இரண்டே தகுதியோடு வந்து ஒரு தொழிற்சாலையின் ஹேமர் ஷாப்பில் சேர்ந்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சதச் சுத்தியலின் அடியில் வைத்து அடித்து உருவம் கொடுக்கும் இடம் அது. மத்திகிரியில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு. அப்பாவுக்கு அந்த அறை பிடிக்கவே பிடிக்காது. சோறு வாசலில், ஷேவிங் வாசலில், மழை இல்லாத நாளெல்லாம் படுக்கையும் வாசலில். உங்கப்பாவுக்கு வீடு எதுக்கு, சாமான் வைக்கத்தானே என்று அம்மா சொல்வாள்.

வார லீவு வந்தால் அவருடன் வேலை செய்தவர்கள் சிலர் பெங்களூருக்குப் படம் பார்க்கப் போவார்கள், சிலர் பாட்டிலைத் தேடிப் போவார்கள், மிச்சப் பேர் தூங்குவார்கள். அப்பா எங்களைக் கிளப்புவார். தனியாகச் சுற்றுவதில் அவருக்கு ருசியே கிடையாது. ஒரு மைனாவைப் பார்த்தால்கூட அதை உடனே காட்ட வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டுச்சோறு, ஒரு தூக்கில் மோர், பஸ். கெலவரப்பள்ளி ஆற்றங்கரை, ராயக்கோட்டை மலை, எங்கும் போக முடியாவிட்டால் மத்திகிரியிலேயே இருந்த அரசு மாட்டுப் பண்ணையின் மேய்ச்சல் வெளி. பெரும்பாலும் நாட்றாம்பாளையம். அம்மாவின் அக்காளை அங்கேதான் கொடுத்திருந்தது. காட்டை ஒட்டிய ஊர். பெரியம்மா வீட்டில் காலை வைத்ததும் அப்பாவுக்குப் பேச்சு மாறிவிடும், நடை மாறிவிடும். ஹேமர் ஷாப்பில் வாரம் முழுக்க நின்று வெந்த மனுசன் இவர்தானா என்று தோன்றும்.

அந்த ஹேமர் ஷாப்பை நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்போம். ஆயுத பூஜை அன்று குடும்பத்தை உள்ளே விடுவார்கள். சுத்தியலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, தரையெல்லாம் கழுவி விட்டிருப்பார்கள். அப்பா புதுச் சட்டையில் எங்களை அழைத்துப் போய், இதுதான் நான் நிற்கும் இடம் என்று காட்டுவார். நாங்கள் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டே அண்ணாந்து பார்ப்போம். அன்றைக்கு மெஷின் ஓடாது. கோயில் போல அமைதியாக இருக்கும். நாங்கள் பார்த்த ஹேமர் ஷாப் அதுதான். எங்கள் வரிசையில் இருந்த எந்தப் பெண்டாட்டியும் பிள்ளையும் அந்தச் சுத்தியல் இறங்கும் சத்தத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வீட்டு ஆம்பிளை தினமும் எதற்குள் போய் வருகிறார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

உள்ளே வாயால் பேசி ஒருத்தருக்கும் கேட்காதாம். அதனால் உதட்டைப் பார்த்துப் பேசுவதுதான் அங்கே பேச்சு. கன்னடக்காரர், தெலுங்குக்காரர், தெற்கேயிருந்து வந்தவர்கள் என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அப்பாவுக்கு மூன்று மொழி உதடும் அத்துப்படி. தெரு முனையில் இரண்டு பேர் கிசுகிசுப்பதை இங்கிருந்தே படித்துச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பார். காதில் மெஷின் துடைக்கும் பஞ்சு வேஸ்ட்டை உருட்டித் திணித்துக்கொண்டு வேலை செய்வார்கள். வீட்டுக்கு வந்தபிறகும் சில நாள் அது காதிலேயே இருக்கும், அம்மா எடுத்து எறிவாள்.

எங்கள் வரிசையில் எல்லா ஆம்பிளைகளும் சத்தமாகத்தான் பேசுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உப்பு கேட்டாலும் சண்டைக்கு வருவதுபோல இருக்கும். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் பயந்துபோவார்கள். பெண்களும் பதிலுக்கு உரக்கப் பேசிப் பழகிவிட்டார்கள். ரேடியோவெல்லாம் முழுச் சத்தத்தில் பாடும். இரண்டு தடவை கூப்பிட்டால்தான் ஆள் திரும்புவார் என்பது அங்கே எந்த வீட்டிலும் புகார் இல்லை. ஹேமர் ஷாப்புக்காரன் அப்படித்தான் என்பது எங்கள் தெருவின் பொது அறிவு. அந்தப் பொது அறிவுதான் எங்கள் கண்ணைக் கட்டியது. ஒரு வீட்டில் மட்டும் அப்படி இருந்திருந்தால் யாராவது யோசித்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டின் நடுவில் அப்பா திடீரென்று நிறுத்தி, "சில்வண்டு என்னமா இரையுது பாரு" என்பார். வெளியே வெயில் கொளுத்தும், ஒரு வண்டும் இருக்காது. உங்கப்பாவுக்கு மட்டும் கேக்கற வண்டு என்று அம்மா கேலி செய்வாள். நானும் தம்பியும் கேலி செய்ய மாட்டோம். எங்களுக்கு அது பெருமை. காட்டு மனுசனுக்குக் காது கூர்மை, தளிக் காட்டில் கத்தும் வண்டு மத்திகிரியில் கேட்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். அது வெளியே எங்கும் கத்தவில்லை, அவர் காதுக்குள்தான் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம். நாட்றாம்பாளையத்தில் கேழ்வரகு முற்றி நின்றது. கேழ்வரகு முற்றினால் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும், அது அந்தப் பக்கத்தில் வருடா வருடம் நடப்பதுதான். நாங்கள் ஓடைக்குக் கிளம்பும்போது பெரியம்மா, ஓடப்பக்கம் பார்த்துப் போங்க, குட்டியோட ஒன்னு திரியுது என்று சொன்னாள். அப்பா சிரித்தார். "கெள முறியற சத்தம் அந்தக் கோடிக்குக் கேக்கும். நான் இருக்கன்ல" என்றார்.

காலை வெயில் அப்போதுதான் மூங்கில் புதரில் விழுந்திருந்தது. அப்பா வழக்கம்போல முன்னால், எங்களை விட்டுக் கொஞ்சம் தூரமாகவே போய்க்கொண்டிருந்தார். கையில் குச்சி, தோளில் துண்டு, சந்தோஷமான நடை. ஓடை திரும்பும் இடத்தில் மடமடவென்று மூங்கில் முறிந்தது. எனக்கே கேட்டது. தம்பிக்கும் கேட்டது. அம்மா காட்டோரத்தில் பிறந்தவள், ஒரு முறிவிலேயே தெரிந்துகொண்டு எங்கள் இருவரையும் பிடித்து இழுத்து ஒரு பாறைக்குப் பின்னால் நிறுத்தினாள். "ஏங்க" என்று கூப்பிட்டாள். அப்பா நடந்தார். மறுபடி "ஏங்க" என்றாள், இந்த முறை குரல் உடைந்தது. அப்பா நடந்துகொண்டே இருந்தார். முறிவுச் சத்தம் அவருக்கு நேர் எதிரே, புதரின் மறுபக்கத்தில் கேட்டது. புதருக்கு மேல் ஒரு சாம்பல் முதுகு அசைவதை நான் பார்த்தேன். அப்பா தலையைச் சாய்த்து, விரலை உயர்த்தி நின்றார். எங்களுக்கு ஒரு பறவையைச் சொல்லப்போகிறார் என்று புரிந்தது.

அதற்கு மேல் கத்தினால் யானை திரும்பிவிடும். அம்மா குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். அது அப்பாவின் முதுகில் பட்டது. எரிச்சலோடு திரும்பியவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா குரலே இல்லாமல், வாயை மட்டும் அசைத்து, "யானை" என்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து அதை அவர் உடனே புரிந்துகொண்டார். உடம்பைத் தாழ்த்தி, ஒரு சருகு மிதிபடாமல் எங்களிடம் வந்து சேர்ந்தார். நாங்கள் பாறைக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்திருக்க, குட்டியை முன்னால் விட்டுத் தாய் யானை ஓடையைக் கடந்து போனது. அப்பா நின்று விரல் உயர்த்திய அதே இடத்தை மிதித்துக்கொண்டு போனது. நான் யானையைப் பார்த்தேன், தம்பி யானையைப் பார்த்தான். அம்மா யானையைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் கொடுத்தபோது திரும்பாதவர், குரலே இல்லாதபோது எப்படிப் புரிந்துகொண்டார் என்ற கணக்கு அவளுக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த மறுநாள், அப்பா வாசலைப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா பித்தளைச் சொம்பை அவர் முதுகுக்குப் பின்னால் வேண்டுமென்றே தரையில் போட்டாள். எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அம்மா சொம்பை எடுத்து வைத்துவிட்டு, சமையல் தடுப்பின் பக்கம் போய் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். எத்தனை வருசமா என்று கேட்டாள் என்பது எனக்கே புரிந்தது.

அப்பா முதலில் எங்களைத்தான் பார்த்தார். பிடிபட்ட முகம் அது. அப்பாக்களுக்கு அப்படி ஒரு முகம் உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. "சுத்தமா போவல. கிட்டக்க பேசுனா கேக்குது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போச்சு, எனக்கே தெரியல" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நீ என்ன வேணா சொல்லு. காட்டுக்குப் போவாதன்னு மட்டும் சொல்லிராத" என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

அம்மா இப்போது குரலோடு பேசினாள். "உங்க காத நம்பி எம்புள்ளைங்கள நான் இனிமே காட்டுக்கு அனுப்ப மாட்டன். நீங்களும் போவக் கூடாது. எனக்கு நீங்க வேணும்."

அவர் தலையசைத்தார். அதோடு முடிந்தது. சண்டை வரும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் நரம்பு போய்விட்டது என்றார். சட்டைப் பையில் பெட்டியும் காதுக்கு ஒயருமாக ஒரு மெஷின் வாங்கினோம். அதை மாட்டிக்கொண்டு பாரூர் ஏரிக்கரைக்கு ஒரு தடவை போய் வந்தார். காற்று மட்டும்தான் இரையுது என்று கழற்றி வைத்தவர் மறுபடி தொடவில்லை. காது போன பிறகும் அதே ஹேமர் ஷாப்புக்குத்தான் போனார். அங்கே அது ஒரு குறையே இல்லை. லீவு நாளில் மாட்டுப் பண்ணையின் கம்பிவேலி வரைக்கும் நடந்துபோய், உள்ளே மேயும் மாடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வேலி வரைக்கும் போகலாம் என்பது அம்மாவின் அனுமதி. எங்களைக் கூப்பிட மாட்டார். நாங்களாகப் போய்ப் பக்கத்தில் நின்றால் தோளில் கை போடுவார். எதையும் கேளு என்று சொன்னதில்லை.

அம்மா செய்தது சரியா என்று நான் பல வருடம் எனக்குள்ளேயே சண்டை போட்டிருக்கிறேன். ஒருமுறை அவளிடமே கேட்டும் விட்டேன். உசிரோட இருந்தாருல்ல என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மறுக்க முடியாது. அந்த யானைக்கு அப்புறம் அவர் எங்களோடு இருந்த ஒவ்வொரு வருடமும் அம்மா கல்லெறிந்து வாங்கியது.

என்னைப் பிடித்துக்கொண்டு விடாதது வேறு. அந்தப் பறவைகள். என் சின்ன வயதுக் காடு முழுக்கப் பறவைச் சத்தம். செம்போத்து, கவுதாரி, மாங்குயில், அக்கா அக்கா என்று கூப்பிடும் ஒரு பறவை, எல்லாம் அப்பா விரல் உயர்த்திச் சொன்னவை. அதில் எதை நான் கேட்டேன், எதை ஆமாம்பா என்று மட்டும் சொன்னேன் என்று பிரித்துப் பார்க்க முயன்று தோற்றிருக்கிறேன். கேட்காத மனுசன் சொன்னார், கேட்காத பிள்ளைகள் தலையாட்டினோம். அப்படியானால் அந்தக் காட்டில் என்னதான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னால், தம்பியைக் கூட்டிக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் நாட்றாம்பாளையம் போனேன். அதே பருவம், அதே ஓடைப் பாதை. அப்பா காட்டிய புங்க மரம் அப்படியே இருந்தது. பேசாமல் நின்றோம். ரொம்ப நேரம் நின்ற பிறகு மரத்துக்குப் பின்னாலிருந்து, தொண்டைக்குள் உருட்டுவதுபோல, செம்போத்து கத்தியது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பா சொன்னது பொய்யில்லை. எந்த மரத்தில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் எது கத்தும் என்று காது இருந்த காலத்தில் மனசில் வாங்கி வைத்திருந்ததை, காது போன பிறகு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பறவை அங்கேதான் இருந்திருக்கும். காது இருந்தும் கேட்காமல் தலையாட்டியது நாங்கள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையானார். அப்போது நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு சொந்த வீடு கட்டியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் லாரிதான். நான் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பேன். என்னோடு பேச வேண்டுமானால் அவர் என் வாயைப் பார்க்க வேண்டும். அதனால் எப்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒரு மார்கழி மத்தியானம், ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டி, குழறிய குரலில், "வெளியில என்ன பாப்பா கேக்குது" என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் என்னிடம் அதைக் கேட்டார். லாரி என்று சொல்ல வாய் வரவில்லை. "குயிலுப்பா. அந்த வேப்ப மரத்துல கூவுது" என்றேன்.

அப்பா என் உதட்டையே பார்த்தார். முகத்தின் அசையும் பாதி மெல்லச் சிரித்தது. "மார்கழியில ஏது குயிலு" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் சொன்ன பொய்யையாவது மாசம் பாத்துச் சொன்னன்" என்றார்.

நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது. அவர் சரியாக இருந்த கையை நீட்டி என் தாடையைத் தொட்டு, "உள்ளதச் சொல்லு" என்றார். சொன்னேன். லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்குதுப்பா, கிளீனர் பையன் பின்னால தட்டிட்டே வர்றான் என்றேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்குது என்றேன். அம்மா பால்காரம்மாவிடம் தெலுங்கில் சண்டை போடுறா, தண்ணி கலந்துட்டாளாம் என்றேன். அதற்குச் சிரித்தார். தூரத்துக் கம்பெனியில் சங்கு ஊதுது, ஷிஃப்ட் மாறுது என்றேன். ஒவ்வொன்றுக்கும் கண்ணால் ம் என்றார். மேலே சொல்லச் சொல்ல அவர் கண் மெல்ல மூடிக்கொண்டது. கண்ணை மூடினால் உதடு தெரியாது, அவருக்குப் பேச்சு கிடையாது. தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. சைக்கிள் மணி, ஓட்டின் மேல் அணில், கொடியில் அடிக்கும் துணி என்று கேட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த மாதக் கடைசியில் அவர் போனார்.

இப்போது ஓசூரில் மேம்பாலத்தை ஒட்டிய அடுக்குமாடியில் இருக்கிறேன். எந்த நேரமும் இரைச்சல்தான். பால்கனியில் தனியாக உட்கார்ந்தால் என் உதடு தானாக அசையத் தொடங்கிவிடுகிறது. பஸ், ஹாரன், டிரில்லிங் மெஷின், குழந்தை அழுகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். யார்கிட்ட பேசற என்று என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் கேட்பார், இப்போது கேட்பதில்லை. போன மாசியில் ஒருநாள் விடியற்காலை அந்த இரைச்சலுக்கு நடுவில் எங்கேயோ ஒரு குயில் கூவியது. நிஜமாகவே கூவியது. "அப்பா, குயிலு" என்றேன். மாசம் சரியாகத்தான் இருந்தது.